இடமாக ஒரு சுற்று

அந்தக் கல்லின்மேல் அக்காவின் காலணிகள், வெள்ளைக் கான்வாஸ், ஓரத்தில் நீலக்கோடு, மதுரையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, முனை கடலைப் பார்த்தபடி, அதற்கு அப்பால் பாறை இரண்டு ஆள் தூரம் சரிந்து இறங்கி அத்தோடு முடிந்துபோகிறது, கீழே கடல், நான் இரண்டு கையிலும் மாதுளைச் சாற்றுக் கோப்பைகளோடு நிற்கிறேன், அக்கா என்று கூப்பிடுகிறேன், கூப்பிட்டேன், இன்னமும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், காற்று அந்த ஒரு சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ போட்டுவிடுகிறது, குனிந்து பார்த்தால் இடது காலணிக்குள் சுருட்டிவைத்த காலுறை, காலுறைக்குள் என்னவோ கட்டியாக, விரலை விட்டு எடுத்தால் அவளுடைய காது மெஷின், கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும், அணைக்காமலே கழற்றி வைத்திருக்கிறாள், என் உள்ளங்கைக்குள் வந்ததும் அது கூயென்று மெல்லக் கத்த ஆரம்பித்தது. அட முருகா. ஒரு மனுஷி காலணியையும் கழற்றி, காதையும் கழற்றி, கடலைப் பார்க்க வைத்துவிட்டு எங்கே போவாள். கோப்பைகள் எப்போது கீழே விழுந்தன என்று தெரியவில்லை, கல்லெல்லாம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா என்றால் உலகம்மாள், என்னைவிட எட்டு வயது மூத்தவள், எழுபதைத் தொட்டவள், திருநெல்வேலிப் பக்கம் கிராமம் கிராமமாக நடந்துபோய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட நர்சம்மா, அத்தான் போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து இருபத்திரண்டு வருஷமாக மதுரையில் எங்களோடு இருக்கிறாள், எங்களோடு இருந்தாள், எது சரி என்று எனக்கே இப்போது தடுமாறுகிறது. அவளுக்குப் பிள்ளையில்லை, என் மகன் கதிரேசனைக் குளிப்பாட்டித் தலைதுவட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அவள்தான், நானும் என் மனைவி செண்பகமும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. துருக்கிக்குப் பதினான்கு பேர் கொண்ட சுற்றுலா ஒன்று கிளம்புகிறது என்று தெரிந்தபோது செண்பகம்தான் சொன்னாள், எனக்கு முழங்கால் ஆகாது, நீங்க அக்காவக் கூட்டிட்டுப் போங்க, ஒரு தடவை சந்தோஷமா இருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று. அப்புறம் சொல்லவேண்டியது என்னவென்றால், கதிரேசன் தன் மனைவி குழந்தையோடு வந்து எங்களோடு இருக்கப்போகிறான், வீட்டில் இரண்டே அறை, கோயம்புத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றில் அக்காவுக்கு அறை பார்த்து நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதைச் சொல்ல ஒன்பது நாளாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன், பத்தாம் நாள் காலையில், ஓட்டலில், இருபது வகை ஆலிவ் காய்கள் வரிசையாக வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நல்ல காத்துக்கா, டாக்டர் கூடவே இருக்காரு, உன் வயசுக்காரங்க நெறையப் பேரு. அக்கா ஆலிவ் கொட்டையைத் துப்பித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எப்பலே, என்று கேட்டாள். புரட்டாசில. கையெழுத்துப் போட்டாச்சா. போட்டாச்சு. அவள் கையைத் தூக்கிக் காது மெஷினைக் கழற்றிக் கொட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள், நான் அதற்குப்பிறகும் ஐந்து நிமிஷம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன், காதில்லாத ஒருத்தியிடம், கையை ஆட்டி ஆட்டி.

பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்து வந்தாள், மெஷினைத் திரும்ப மாட்டியிருந்தாள், இறங்கும்போது மட்டும் குடை எடுத்தியா என்று கேட்டாள், அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, பாருங்கள் என் புத்தியை, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை, கடலுக்குள் மூக்கை நீட்டியது மாதிரி ஒரு முனை, அதன் நுனியில் இடிந்த கோயில், சாமி பெயரும் சொன்னார்கள், மேடை மட்டும் நீளமாக இருக்கிறது, மேடைமேல் ஒன்றரை ஆள் உயரத்துக்குச் சுவரும் சரிந்த தூண் துண்டுகளுமாகக் குவிந்து கிடக்கின்றன, சுற்றிலும் அரளிப் புதர், ஒரு பக்கம் நிற்கிறவருக்கு மறுபக்கம் நிற்கிறவரைத் தெரியாது. சித்தே இங்கன இருக்கேன், வெயிலு மண்டையப் பொளக்கு, என்று நிழலாகப் பார்த்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மாதுளைச் சாறு வாங்கிட்டு வரேன்க்கா என்று நான் போனது பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான், கம்பத்தில் ஆளை ஏற்றிவிட்டால் அவன் இறங்கித் தரையில் கால் வைக்கிறவரை கண்ணை எடுக்கமாட்டேன், டீ குடிக்கப் போகமாட்டேன், அப்படிப்பட்டவன் சாறு வாங்கப் போனேன்.

ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக்கூடாது, எனக்கும் முழங்கால் இருக்கிறது, அரளிப் புதரைத் தாண்டிக் கோயிலைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தேன், அஞ்சு அடிக்கு ஒருதரம் நின்று கீழே எட்டிப்பார்த்தேன், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர், எந்த நிமிஷமும் அதற்குள் அக்காவின் அரக்குச் சேலை தெரிந்துவிடும் என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். நேற்றுப் படகில் போனோம், நிலநடுக்கத்தில் கடலுக்குள் இறங்கிப்போன ஊர் ஒன்று, வீட்டுச் சுவர் பாதி மேலே, பாதி தண்ணீருக்குள், ஒரு வீட்டின் படிகள் கரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நீருக்குள் போகின்றன, நாலு படிவரை எண்ணலாம், அதற்குப்பிறகு பச்சை இருட்டு. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அக்கா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள், படி கெட்டியாத்தான் இருக்கு, எறங்கிப் போயிறலாம் போலல்லா இருக்கு, என்றாள். நான் சிரித்தேன். நேற்று அது வேடிக்கையாக இருந்தது, இன்று அந்தப் படிகள் கோயிலின் ஒவ்வொரு மூலையிலும் எனக்காகக் காத்திருக்கின்றன, திரும்பினால் படி, திரும்பினால் படி, எல்லாம் கீழே இறங்குகின்றன, அக்கா முதல் படியில் நிற்கிறாள், இல்லை, அது ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் கேமரா, கூட அவள் புருஷன். சேலை கட்டின வயசான அம்மா, என்று தோளிலிருந்து முந்தானையைக் கையாலேயே வரைந்து காட்டிக் கேட்டேன், அவன் நான் போய்க்கொண்டிருந்த திசையையே நீட்டிக் காட்டினான், அப்படித்தான் போனாள், இப்போதுதான். ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அந்தப் பக்கமே விரைந்தேன், மூலை திரும்பினேன், யாருமில்லை, அடுத்த மூலை, யாருமில்லை, சுற்றி முடித்து மறுபடியும் அந்தக் கல், அந்தக் காலணிகள், காய்ந்துகொண்டிருக்கும் சிவப்புச் சாறு.

ஒருவேளை செருப்போடு போகக்கூடாது என்று கழற்றியிருப்பாளோ, அந்த நினைப்பு வராமல் இல்லை, வந்தது, வந்ததும் நானே அடித்து விரட்டினேன். பயணத்தின் மூன்றாம் நாள் வேறோர் இடிந்த ஊரில் பளிங்கு வாசற்படி ஒன்றைக் கண்டதும் அக்கா காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி உள்ளே போனாள், எங்கள் சுற்றுலா மேலாளர் சாலமோன், நாசரேத்துக்காரர், தங்கமான பிள்ளை, ஓடிவந்து அம்மா அம்மா, அது அந்தக் காலத்துப் பொதுக் கக்கூஸும்மா என்றார். பதினான்கு பேரும் சிரித்தார்கள், நானும்தான், ஏன் பொய் சொல்லவேண்டும், எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டே, ரெண்டாயிரம் வருசம் ஆச்சுல்லா, இனி கக்கூஸ் என்ன, கருவறை என்ன, எல்லாம் ஒண்ணுதான், என்று வெளியே வந்துவிட்டாள், ஆனால் அதற்குப்பிறகு ஒரு இடத்திலும் அவள் காலணியைக் கழற்றவில்லை, முள்ளும் கண்ணாடிச் சில்லும் இருக்கும்மா என்று சாலமோனும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியிருக்க இன்று ஏன் கழற்றினாள். சாமி கும்பிடப் போகிறவள் காதையுமா கழற்றுவாள். எனக்குத் தெரியும் அவள் எதற்காகக் காதைக் கழற்றுவாள் என்று, காலையில்தானே பார்த்தேன், இனி யார் சொல்வதும் வேண்டாம் என்றால் கழற்றுவாள். மெஷின் என் கைக்குள் கத்திக்கொண்டே இருந்தது, எப்படி அணைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுடைய காது மெஷினை அணைக்கத் தெரியாது எனக்கு.

இரண்டாம் சுற்று. கால் தானாகப் போகிறது, கோயில் வலது கைப்பக்கம் இருக்க, கடல் இடது கைப்பக்கம் இருக்க, எனக்கு ஐந்து வயது, திருச்செந்தூர், மாசித் திருவிழா, வெளிப்பிரகாரத்தில் ஒரே கூட்டம், கடல் இரைகிறது, அப்பாவின் கை எப்போது நழுவியது என்று தெரியவில்லை, என் உயரத்துக்கு எங்கே பார்த்தாலும் வேட்டியும் சேலையும்தான், எல்லாம் ஒரே திசையில் போகின்றன, நானும் போகிறேன், அழுதுகொண்டே, தள்ளிக்கொண்டு போகிறார்கள், நின்றால் மிதிபடுவேன், கோயில் வலது கைப்பக்கம், கடல் இடது கைப்பக்கம், அக்கா என்று கத்துகிறேன், அப்பா என்றோ அம்மா என்றோ கத்தவில்லை, அப்போதும் அக்காதான், சட்டென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு பச்சைத் தாவணி, என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டிக்காரப் பயலே எங்கலே போன என்று முதுகில் ஒன்று வைக்கிறாள், வைத்துவிட்டு அவளே அழுகிறாள், பதிமூன்று வயது அவளுக்கு. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை, இடுப்பு கிடைத்தது, போதும், அழுகையை நிறுத்திவிட்டேன். இங்கே இடுப்பும் இல்லை, தாவணியும் இல்லை, துருக்கிக் கடல் அரளிப்பூக்களுக்கு அப்பால் சும்மா மினுங்கிக்கொண்டிருக்கிறது, அறுபத்திரண்டு வயதுக் கிழவன் ஒருவன் அக்கா அக்கா என்று கூவிக்கொண்டு போகிறான், கழற்றி வைத்த காது என் கையில்தான் இருக்கிறது என்பதுகூட மறந்துபோய்க் கூவுகிறேன்.

சாலமோன் ஓடிவந்தார். சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு, பன்னெண்டு பேர் வந்துட்டாங்க, நீங்களும் அம்மாவும்தான், என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார், பிறகு கல்லைப் பார்த்தார், காலணிகளைப் பார்த்தார், அவர் முகமும் மாறியது, என் பயம் என் மனப்பிராந்தி என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேனே, அது போயிற்று. அம்மா ஏதாவது மனவருத்தத்துல இருந்தாங்களா சார். செண்பகத்துக்கு என்ன சொல்வேன், கதிரேசனுக்கு என்ன சொல்வேன், பெரியத்தையை எங்கப்பா என்று கேட்பானே, கடலில் விட்டுவிட்டு வந்தேன் என்பேனா, ஓர் அறைக்காக, பன்னிரண்டுக்குப் பத்து அடி அறைக்காக. சாலமோன் காவல் அறைப் பக்கம் போனார், நான் மூன்றாம் சுற்றுக்குக் கிளம்பினேன், ஏன் கிளம்பினேன், இரண்டு சுற்றில் கிடைக்காதவள் மூன்றாவதில் எப்படிக் கிடைப்பாள், தெரியாது, நிற்க முடியவில்லை, நின்றால் கடலைப் பார்க்கவேண்டியிருக்கிறது. முருகா, அவளை மட்டும் காட்டிவிடு, அந்தக் கையெழுத்தை நானே போய் அழித்துவிட்டு வருகிறேன், என்று சத்தமாகவே சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன், அந்த வேண்டுதலை இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தானே போகிறேன்.

மூன்றாம் சுற்றும் முடிந்து கல்லுக்கே வந்தபோது மீசை நரைத்த காவலாளி ஒருவர் கழுத்தில் விசிலோடு வந்தார், ஒரு சொல்கூட எனக்கும் புரியாது அவருக்கும் புரியாது, சாலமோன் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு, காலணிகளைப் பார்த்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெய்ஸே, தெய்ஸே என்று ஏதோ சொல்லி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், தெய்ஸே என்றால் பெரியம்மா மாதிரி என்று பிறகு தெரிந்தது. என் முழங்கையைப் பிடித்து இழுத்தார், இடமாக, நான் வந்த வழியே, கோயில் இடது கைப்பக்கம் வரும்படி. கேட்டால் சிரிப்பீர்கள், என் கால் வரவில்லை. அந்த நேரத்தில், அந்த நிலைமையில், சாமியே இல்லாத ஒரு கல்குவியலை இடமாகச் சுற்ற என் கால் மறுத்தது, அந்தப் பக்கம் போகக்கூடாது, தப்பு, என்று உள்ளே ஏதோ முரண்டு பிடித்தது, அவர் பலத்தைப் போட்டு இழுத்துக்கொண்டு போனார், முதல் மூலையில் யாருமில்லை, இரண்டாவது மூலை திரும்பினோம், எதிரே அக்கா வந்துகொண்டிருந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, உதடு முணுமுணுக்க, அவள் பாட்டுக்கு, ஓர் அவசரமும் இல்லாமல், அம்மன் கோயில் பிரகாரத்தில் வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, ஏலே, என்னலே இடமா வார, என்றாள்.

நான் அழுதேன், அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன், காவலாளி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவளும் வலமாகச் சுற்றியிருக்கிறாள், நானும் வலமாகச் சுற்றியிருக்கிறேன், நான் எட்டிப்பார்க்க நிற்கும்போதெல்லாம் அவள் அடுத்த மூலையைத் தாண்டியிருக்கிறாள், அவளுக்குப் பின்னாலேயே மூன்று சுற்று வந்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை திரும்பி நடந்திருந்தால் முகத்துக்கு முகம் பார்த்திருப்பேன். மெஷினை அவள் கையில் கொடுத்தேன், மாட்டிக்கொண்டு, காத்து உள்ள போயி ஒப்பாரி வச்சுது, அதான் கழத்தினேன், எதுக்குலே அழுத, என்றாள். நீ கடல்ல, என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அக்கா என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். அட கோட்டிக்காரா, வாசல்ல செருப்புக் கிடந்தா ஆளு உள்ள இருக்குன்னுல்லா அர்த்தம், நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது. காலணிகளுக்குப் பின்னால் கோயிலின் படிகள் இருந்ததையே நான் பார்க்கவில்லை, முனை காட்டிய பக்கம் மட்டும்தான் பார்த்தேன். என்னக்கா வேண்டிக்கிட்டே, என்று கேட்டேன். ஒண்ணும் வேண்டல. கோவம் எறங்கணும்லா, உம்மேல இவ்வளவு கோவத்த வச்சுக்கிட்டு ஒரே பிளேன்ல பக்கத்துல எப்படி உக்காந்து வருவேன், அதான் நடந்தேன், எட்டுச் சுத்துல பாதி எறங்கிட்டு. அவள் உள்ளங்கால் இரண்டும் சூட்டில் சிவந்து கொப்பளித்திருந்தன, முள் கிழித்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது, மண்டிபோட்டுக் காலணியைப் போட்டுவிடப் பார்த்தேன், நுழையவில்லை. சவத்த விடு, கையில எடுத்துக்கோ, என்றாள். நான் கையில் எடுத்துக்கொண்டேன், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள், பஸ் வாசலுக்கு வந்தபோது சொன்னாள், திருச்செந்தூர்ல நீ தொலஞ்சியே, நான் எப்படிப் புடிச்சேன்னு நெனச்ச, எல்லாரும் வலமா வாராவ, பின்னாலயே போனா ஆவுமா, எதிர்த்தாப்புல போனேன், மூதேவி மூதேவின்னு அத்தனை பேரும் ஏசுனாவ, போனேன்.

நான் போகவில்லை. கையெழுத்தை அழிக்கிறேன் என்று முருகனிடம் சொன்ன சொல் அந்தாலியா விமான நிலையம்வரைதான் தாங்கியது, வீட்டுக்கு வந்து கதிரேசனின் பெட்டிகளைப் பார்த்ததும் நாக்கு மடங்கிக்கொண்டது, அக்காவும் கேட்கவில்லை, புரட்டாசி முதல் வாரம் அவளே துணியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பு என்றாள், அந்த வெள்ளைக் காலணியைப் போட்டுக்கொண்டு போனாள். அதிலிருந்து ஐந்து மாதம், விடியற்காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கிறேன், வாசலில் என் செருப்பு, செண்பகத்தின் செருப்பு, கதிரேசனுடையது, மருமகளுடையது, குழந்தையின் குட்டிச் செருப்பு, ஓர் இடம் மட்டும் காலி, பாலை மறந்து அந்த இடத்தையே பார்த்து நிற்கிறேன், சில நாள் அங்கே தண்ணீர் நிற்கிறது, தெளிந்த தண்ணீர், அதற்குள் படிகள், எட்டிப்பார்க்கிறேன், விழித்துக்கொள்கிறேன், படுக்கையில்தான் இருக்கிறேன், உள்ளங்கையில் மட்டும் கூயென்று ஏதோ கத்துகிறது. செண்பகம் எத்தனை நாள் பார்ப்பாள். போய்க் கூட்டிட்டு வாங்க, ஹால்ல நான் படுத்துக்கிறேன், வாசல்ல அக்கா செருப்பு இல்லாம எனக்கே வீடு வீடா இல்ல, என்று நேற்றுச் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், பஸ் ஏறிவிட்டேன்.

மலையடிவாரம், நல்ல காற்று, நான் சொன்னது பொய்யில்லை. அறைக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது, உள்ளே ஆளில்லை, அங்கே வேலை செய்கிற ஒரு பெண் வந்து, உலகம்மா அம்மாங்களா, இந்நேரத்துக்குப் பிள்ளையாரச் சுத்தீட்டிருப்பாங்க, வெயிலு மழைன்னு ஒண்ணும் பாக்கறதில்லைங்க, என்று தோட்டத்தைக் காட்டினாள். நடுவே ஒரு சின்னக் கோயில், அதைச் சுற்றி ஆளுயரத்துக்குச் செம்பருத்தி அடர்ந்திருக்கிறது, வாசற்படியில் வெள்ளைக் காலணிகள், நீலக்கோடு மங்கிவிட்டது, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. ஆள் உள்ளே இருக்கிறது என்றுதான் அர்த்தம், எனக்குத் தெரியும், தெரிந்தும் அக்கம்பக்கம் எங்காவது தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். என் செருப்பைக் கழற்றி அவளுடையதற்குப் பக்கத்தில் விட்டேன். வலமாகப் போக எழுந்த காலை நிறுத்தினேன், திருப்பினேன், பிள்ளையாரே மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டு இடமாக நடந்தேன், முதல் திருப்பத்திலேயே எதிரே வந்துவிட்டாள், மெலிந்திருக்கிறாள், உதடு முணுமுணுக்கிறது, என்னைக் கண்டதும் நடை ஒரு கணம் தடுமாறியது. அக்கா, தப்புப் பண்ணிட்டேன், செருப்ப மாட்டிக்கோ, வீட்டுக்குப் போவோம், என்றேன். பஸ்ஸில் ஆறு மணி நேரம் ஒத்திகை பார்த்த சொற்கள், ஒன்றும் விட்டுப்போகவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், இன்னும் மூணு சுத்து இருக்கு, என்று சொல்லி என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

படிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வருகிறேன் என்று சொன்னாளா, வரமாட்டேன் என்று சொன்னாளா, அவள் காலணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், இடது காலணிக்குள் சுருட்டிய காலுறை, காலுறைக்குள் கட்டியாக, விரலை விட்டு எடுத்தேன், என் உள்ளங்கைக்குள் வந்ததும் அது கூயென்று கத்த ஆரம்பித்தது. அவள் கேட்கவே இல்லை. அறை பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டவள், தப்புப் பண்ணிட்டேன் என்றதைக் கேட்கவே இல்லை, நான் மறுபடியும் சொல்லவேண்டும், முதலிலிருந்து, இந்த முறை அவள் காதில் இதை மாட்டிவிட்டு. ஒரு சுற்று வந்தாள், என்னைப் பார்க்காமல் போனாள். இரண்டாவது சுற்று வந்தாள், மடியிலிருந்த காலணிகளைப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்றாவதற்குச் செம்பருத்திக்குப் பின்னால் போயிருக்கிறாள், காலடிச் சத்தம் கேட்கவில்லை, நான் மெஷினை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் வரவேண்டிய மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.